ஆன்மா இல்லையென்றால் மறுபடி பிறப்பது எது?

தம்பி, கந்தளாயில் உங்கள் அலுவலக நண்பரின் தாயாருக்கு நடந்த ஏழாம் நாள் தானத்துக்குப் போய்வந்த பின் நீங்கள் எழுதிய கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். பிக்குமார் பாளிச் செய்யுள்களை ஓதிக்கொண்டிருக்க, வீட்டார் எல்லோரும் ஒரு கெண்டியைத் தொட்டவாறு, தட்டில் வைத்திருந்த சிறு கிண்ணத்தில் நீர் வார்த்ததையும், கிண்ணம் நிரம்பிய பின்னும் நிறுத்தாமல் அது வழிந்து தட்டில் தேங்கும்வரை வார்த்ததையும் கண்டு, உங்களுக்கு மூன்று கேள்விகள் எழுந்திருக்கின்றன. ஆன்மா என்று ஒன்று இல்லை எனச் சொல்லும் பௌத்தத்தில் மறுபடி பிறப்பது எது என்பது முதலாவது. அவர்கள் சொல்லும் முப்பத்தொரு உலகங்கள் உண்மையான இடங்களா, மனநிலைகளுக்கு இட்ட பெயர்களா என்பது இரண்டாவது. சென்ற ஆண்டு காலமான உங்கள் அம்மாவுக்குக் கன்னியா வெந்நீரூற்றில் அந்தியேட்டி என்னும் இறுதிக் கிரியை செய்தீர்களே, அப்படிக் கொடுப்பது பௌத்தப் பார்வையில் இறந்தவரைச் சேருமா என்பது மூன்றாவது. மூன்றாவதுதான் மற்ற இரண்டையும் கேட்க வைத்தது என்று எனக்குத் தெரிகிறது. ஆனாலும் அதற்கான விடை முதல் இரண்டின் வழியாகவே வர வேண்டியிருப்பதால், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் உங்களைப் போலத் திருகோணமலையில் கோணேசர் கோயில் மணியோசை கேட்டு வளர்ந்த சைவன். தமிழ் கற்பித்து ஓய்வுபெற்ற பின், பழைய பௌத்த நூல்களின் மொழியான பாளியை முறையாகப் படித்தவன். ஆகவே நமக்கு மனப்பாடமான இடத்திலிருந்தே தொடங்குகிறேன். சிவபுராணத்தில் புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி என்று மணிவாசகர் அடுக்கிக்கொண்டு போகும்போது, அந்த எல்லா வடிவங்களுக்குள்ளும் புகுந்து வெளிப்பட்டு, எல்லாப் பிறப்பும் பிறந்து இளைத்த ஓர் உயிர் இருக்கிறது. களைத்துப் போவதற்கு ஒருவர் இருப்பதால்தான் அந்தப் பாட்டு நம்மை உருக்குகிறது. பௌத்தம் அதே நீண்ட பயணத்தை ஒப்புக்கொள்கிறது, ஆனால் பயணியை ஒப்புக்கொள்வதில்லை. இன்னொரு வேறுபாடும் உண்டு. புல், பூடு, மரம், கல் ஆகியவை பௌத்தத்தின் பிறவிக் கணக்கில் இல்லை. மனம் நிகழும் இடத்தில்தான் வினை உண்டு என்று அது கொள்வதால், தாவரமாகப் பிறத்தல் என்ற பேச்சே அங்கு எழுவதில்லை. சிறிய வேறுபாடு போலத் தோன்றும் இது, அந்தச் சமயத்தின் முழுக் கணக்கும் எதன்மேல் நிற்கிறது என்பதைக் காட்டிவிடுகிறது.

மனிதர் என்று நாம் சொல்வதை உருவம், நுகர்ச்சி, குறிப்பறிவு, மனச்செய்கைகள், உணர்வு என ஐந்து கந்தங்களாக, அதாவது தொகுதிகளாக, புத்தர் பிரித்துக் காட்டினார். ஐந்தும் கணந்தோறும் மாறுகின்றன. இவற்றுக்குள்ளேயோ வெளியேயோ மாறாத உரிமையாளர் ஒருவர் அகப்படுவதில்லை. இதைக் கேட்டவர்களில் பலருக்கு அந்தக் காலத்திலேயே உங்களுடைய ஐயம் வந்தது. மீனவர் குலத்தில் பிறந்து துறவியான சாதி என்னும் பிக்கு, 'இதே உணர்வுதான் மாறாமல் ஓடி ஓடிப் பிறவி எடுக்கிறது' என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். புத்தர் அவரை அழைத்து, அந்த உணர்வு எது என்று கேட்டார். பேசுவதும் அனுபவிப்பதும் நல்வினை தீவினைகளின் பயனைத் துய்ப்பதும் அதுவே என்றார் சாதி. கடுமையாகக் கண்டிக்கப்பட்டார். நெருப்பை அது பற்றி எரியும் பொருளைக் கொண்டே விறகுத் தீ, புல் தீ, சாணித் தீ என்று சொல்கிறோம் அல்லவா, அதுபோல உணர்வும் கண்ணும் உருவமும் சார்ந்து எழுந்தால் கண்ணுணர்வு, செவியும் ஒலியும் சார்ந்து எழுந்தால் செவியுணர்வு, சார்பு இல்லையேல் அது எழுவதே இல்லை என்பது புத்தர் தந்த விளக்கம். தனியே அலைந்து திரியும் தீ என்று எதுவும் கிடையாது.

அப்படியானால் தொடர்ச்சி எப்படி? இதற்கு நம் ஊரிலேயே ஒரு விளக்கு இருக்கிறது. நகரிலிருந்து வடமேற்கே, பெரியகுளத்துக்கு அருகில், தமிழர் நாதனார் கோயில் என்று சொல்லிவந்த வெல்கம் விகாரை இருக்கிறதல்லவா, அது சோழர் காலத்தில் இராசராசப் பெரும்பள்ளி என்ற பெயரோடு விளங்கிய பௌத்தப் பள்ளி. பதினோராம் நூற்றாண்டில் தமிழர் அந்தப் பள்ளிக்கு விளக்கும் பசுக்களும் கொடுத்ததைத் தமிழிலேயே அங்கே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அணையாமல் எரிய வேண்டிய விளக்கை நந்தா விளக்கு என்பார்கள். அதற்கு நெய் குறையாதிருக்கப் பசுக்களை விடுவது அக்கால வழக்கம். முன்னிரவில் எரிந்த சுடரும் விடியற்காலையில் எரிந்த சுடரும் ஒன்றா என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? முன்னிரவில் எரிந்த நெய் தீர்ந்துவிட்டது, திரியின் அந்த நுனி கருகி உதிர்ந்துவிட்டது. ஆகவே ஒன்றல்ல. வேறு விளக்கா என்றால், இடையில் ஒரு கணமும் அணையாத அதை வேறு என்றும் சொல்ல முடியாது. கிறிஸ்துவுக்கு முந்திய இரண்டாம் நூற்றாண்டில் வடமேற்கு இந்தியாவை ஆண்ட கிரேக்க அரசன் மிலிந்தனுக்கு நாகசேனர் என்ற துறவி சொன்னதாக வரும் விடை இதுவே: அதுவும் அல்ல, வேறும் அல்ல.

மிலிந்தன் விடவில்லை. எதுவும் இங்கிருந்து அங்கு போகாமலே மறுபிறப்பு நிகழுமா என்று கேட்டான். ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றினால் முதல் விளக்கின் சுடர் இடம் பெயர்ந்து போய்விடுகிறதா என்று நாகசேனர் திருப்பிக் கேட்டார். கார்த்திகை விளக்கீட்டன்று உங்கள் அம்மா முற்றத்தில் வரிசையாகச் சிட்டி விளக்குகளை வைத்து, முதல் சிட்டியை மட்டும் தீக்குச்சியால் ஏற்றி, அதைக் கையில் எடுத்துச் சாய்த்து, மற்றவற்றின் திரிகளில் ஒவ்வொன்றாகப் பிடித்திருப்பார். புதுத் திரி ஒரு கணம் புகைந்து, எண்ணெயை உறிஞ்சிச் சடசடத்து, பிறகு நிமிர்ந்து எரியும். கையிலிருந்த சிட்டியில் சுடர் குறைந்திருக்காது. ஆனால் அது தொடாமல் மற்றது எரிந்திருக்கவும் முடியாது. காரணமாக இருப்பது வேறு, பொருளாகக் கடந்து செல்வது வேறு. பௌத்தத்தின் மறுபிறவிக் கொள்கை முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது.

அப்படியென்றால் செய்தவன் ஒருவன், துய்ப்பவன் வேறொருவன் ஆகிவிடாதா, இது அநியாயமல்லவா என்ற கேள்வி உடனே எழும்; எழ வேண்டும். ஒருவன் அடுத்தவன் மரத்திலிருந்து மாங்காய் திருடினான் என்று வைத்துக்கொள்ளச் சொன்னார் நாகசேனர். பிடிபட்டதும், 'அரசே, இவர் நட்ட மாங்காய் வேறு, நான் பறித்த மாங்காய் வேறு, ஆகவே நான் குற்றவாளி அல்லேன்' என்று அவன் வாதாடினால் குற்றம் தள்ளுபடி ஆகுமா? நட்ட கொட்டை மண்ணில் மக்கிப் போனது உண்மைதான். ஆனாலும் பறித்த காய் அதனால் விளைந்தது. இந்த உவமையை நான் மிகவும் மதிக்கிறேன். ஆன்மா இல்லை என்றால் பொறுப்பும் இல்லை என்று எண்ணுபவர்களுக்கு, பொறுப்பு என்பது ஒரே ஆளாக இருப்பதில் தங்கியதல்ல, காரணத் தொடர்ச்சியில் தங்கியது என்று அது ஒரு விவசாயிக்கும் விளங்கும்படி சொல்லிவிடுகிறது.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என் விடை, கேள்வியைச் சற்றுத் திருத்துவதுதான். மோலிய பக்குணர் என்ற பிக்கு புத்தரிடம், நுகர்பவர் யார், வேட்கைப்படுபவர் யார் என்று அடுத்தடுத்துக் கேட்டபோது, அந்தக் கேள்வியே பொருந்தாது, எதனைச் சார்ந்து நுகர்வு எழுகிறது என்று கேள் என்றார் புத்தர். 'யார்' என்பதை 'எதனால்' என்று மாற்றியதும் பன்னிரு சார்புகள் வரிசையாக வந்து நிற்கின்றன. இவற்றுக்கு நாம் பாளியைத் தேடிப் போக வேண்டியதில்லை. பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன் என்று மணிமேகலைக்கு அறவண அடிகள் உபதேசித்த சொற்கள் பல நூற்றாண்டுகளாக நம் மொழியில் இருக்கின்றன. 'ஊறு' என்றால் தொடுகை, 'வாயில்' என்றால் ஐம்பொறியும் மனமும், 'அருவுரு' என்றால் மனமும் உடலும் சேர்ந்த தொகுதி. பௌத்தத்தைத் தமிழில் விளக்க இயலாது என்று யாராவது சொன்னால் இந்தப் பன்னிரண்டு சொற்களையும் காட்டுங்கள்.

இறக்கும் கணத்தில் என்ன நடக்கிறது என்பதைத் தேரவாதம் என்னும் பௌத்தப் பிரிவின் தத்துவ நூல்தொகுதியான அபிதம்மம் நுணுக்கமாகச் சொல்கிறது. இறுதிச் சாவுச் சித்தம் மறைந்ததும், இடைவெளி எதுவும் இல்லாமல், இணைப்புச் சித்தம் புதிய பிறப்பில் எழுகிறது. நாற்பத்தொன்பது நாள் வரை நீளக்கூடிய இடைநிலையைத் திபெத்தியர் கொள்வார்கள். வட இந்தியாவின் பழைய பௌத்தப் பிரிவுகள் சிலவும் இடைப்பிறப்பை ஏற்றன. இலங்கையில் நிலைத்த தேரவாதம் ஏற்கவில்லை. எந்த வினை அடுத்த பிறப்பை முடிவு செய்யும் என்பதற்கு அவர்கள் சொல்லும் உவமை நம் பகுதிக்குப் புதிதல்ல. பட்டியில் இரவெல்லாம் மாடுகள் அடைபட்டுக் கிடக்கின்றன. விடிந்ததும் படலையைத் திறந்தால், பலமான எருது எங்கிருந்தாலும் முட்டித் தள்ளிக்கொண்டு முன்னே வரும். பாரிய வினை அப்படிப்பட்டது. அப்படி ஒன்று இல்லாவிட்டால், படலையருகே படுத்திருந்த கிழட்டு மாடு, பலமில்லாவிட்டாலும், முதலில் வெளியே வந்துவிடும். சாகும் வேளையில் மனத்தில் எழும் எண்ணம் அப்படிப்பட்டது. உங்கள் நண்பரின் தாயாருடைய படுக்கையருகே பிரித் என்னும் காப்புச் செய்யுள்களை ஓதியதும் அவர் செய்த நல்லவற்றை எடுத்துச் சொன்னதும் இதனால்தான்.

ஆனால் அமைதியாகப் படுக்கையில் இறக்க வாய்க்காதவர்கள்? சாக்கிய குலத்து மகாநாமன் இதே அச்சத்தோடு புத்தரிடம் வந்தான். கபிலவத்துவின் நெரிசலான தெருவில் யானையும் தேரும் வண்டியும் தன்மேல் மோதும்படி வரும்போது மனம் கலங்கிப் போகிறது, அந்த நேரத்தில் செத்தால் தன் கதி என்ன என்று கேட்டான். அஞ்சாதே, நெடுங்காலம் நம்பிக்கையிலும் ஒழுக்கத்திலும் ஈகையிலும் பழகிய மனம் மேல்நோக்கியே செல்லும் என்று அவனைத் தேற்றிய புத்தர், கிழக்கே சாய்ந்து வளர்ந்த மரத்தை வெட்டினால் அது எந்தப் பக்கம் விழும் என்றும் கேட்டார். வாழ்நாள் முழுதும் எந்தப் பக்கம் சாய்ந்து வளர்ந்தோமோ அந்தப் பக்கந்தான். கடைசிக் கணத்தைப் பற்றி அளவுக்கு மீறிக் கவலைப்படுபவர்களுக்கு இந்தப் பேச்சை நான் எப்போதும் நினைவூட்டுவது வழக்கம்.

இனி உலகங்கள். முப்பத்தொன்று என்ற முழுப் பட்டியல் புத்தர் ஒரே இடத்தில் நின்று சொன்னதல்ல. சுத்தங்கள் எனப்படும் புத்தரின் உரைகளில் பல இடங்களில் வருபவற்றை அபிதம்ம ஆசிரியர்கள் ஒழுங்குபடுத்தியது. சுத்தங்கள் பெரும்பாலும் நரகம், விலங்கு, பேய், மனிதர், தேவர் என்று ஐந்து கதிகளையே சொல்கின்றன. அசுரரைத் தனியே பிரித்தால் ஆறாகும். மணிமேகலை சொல்லும் அறுவகைப் பிறப்பில் அசுரருக்குப் பதிலாகப் பிரமர் வருவதையும் கவனியுங்கள். முப்பத்தொன்றில் பதினொன்று காம உலகங்கள்: துன்ப நிலைகள் நான்கு, மனித உலகம் ஒன்று, தேவ உலகங்கள் ஆறு. அவற்றுக்கு மேல் உருவப் பிரமர் உலகங்கள் பதினாறு, உடலே இல்லாத அருவப் பிரமர் உலகங்கள் நான்கு.

மணிமேகலையில் இந்தக் கணக்கு ஒரு தாயின் கண்ணீரோடு வருகிறது. சுடுகாட்டில் அஞ்சி உயிர்விட்ட மகன் சார்ங்கலனின் உடலைச் சுமந்து வந்த கோதமை, தன் உயிரைக் கொண்டு மகனுயிரைத் தரும்படி சம்பாபதித் தெய்வத்திடம் மன்றாடுகிறாள். உயிர் வினைவழியே போய்ப் பிறந்துவிட்டது, யாராலும் மீட்க முடியாது என்று சொன்ன தெய்வம், அவள் நம்புவதற்காகச் சக்கரவாளம் என்னும் அண்டத்திலுள்ள எல்லாரையும் அழைக்கிறது. நான்கு வகை அருவப் பிரமரும், பதினாறு வகை உருவப் பிரமரும், ஆறு வகைத் தேவரும், அசுரரும், எட்டு வகை நரகரும் வந்து நின்று, எங்களாலும் முடியாது என்கிறார்கள். அண்டத்தின் முழு வரைபடமும் அங்கே விரிக்கப்படுவது, ஒரு பிள்ளையை மீட்டுத் தர அதில் எவருக்கும் வல்லமை இல்லை என்று காட்டுவதற்காகத்தான். உலகங்களின் பட்டியலைப் பௌத்தர் எதற்காக வைத்திருக்கிறார்கள் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன இடம் எனக்குத் தெரியாது.

மேலே இருப்பவர்களின் ஆயுளும் அதே நோக்கில்தான் சொல்லப்படுகிறது. தேவ உலகங்களில் மிகத் தாழ்ந்த நான்கு மன்னர் உலகத்தில் மனிதரின் 50 ஆண்டுகள் ஒரு நாள். அப்படி 500 ஆண்டுகள், அதாவது மனிதக் கணக்கில் 90 இலட்சம் ஆண்டுகள் ஆயுள். அதற்கு மேலுள்ள முப்பத்துமூவர் உலகத்தில் 3 கோடியே 60 இலட்சம். அருவ உலகங்களில் உச்சியிலுள்ளதில் 84,000 மகா கற்பங்கள்; ஓர் அண்டம் தோன்றி அழியும் நெடுங்காலமே ஒரு மகா கற்பம். கற்பனைக்கு எட்டாத எண்கள்தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் முடிவு உண்டு. முடிந்ததும் அங்கிருந்து கீழே விழவும் கூடும். சொர்க்கம் போய்ச் சேரும் இடமல்ல என்பதால், பௌத்தத்தில் இந்திரனும் பிரமனும் நமக்கு இரங்க வேண்டியவர்களல்லர், நாம் இரங்க வேண்டியவர்கள்.

கீழே உள்ளவற்றில் பேய்ப் பிறப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் உங்கள் மூன்றாம் கேள்வி அங்கேதான் முடியும். பாளியில் பேத என்ற சொல்லுக்கு முதற்பொருள் 'கடந்து போனவர்', அதாவது இறந்தவர். பயமுறுத்தும் பேயை நினைக்க வேண்டாம். தீராத பசியும் தாகமும் அந்தப் பிறப்பின் அடையாளம். தாம் வாழ்ந்த வீட்டின் மதிலுக்கு வெளியிலும், நாற்சந்தியிலும், கதவு நிலையருகிலும் வந்து நின்று, உறவினர் தம்மை நினைப்பார்களா என்று அவர்கள் காத்திருப்பதாக ஒரு பழைய பாளிச் செய்யுள் சொல்கிறது. அங்கே உழவும் இல்லை, மாடு மேய்த்தலும் இல்லை, கொள்வனவு விற்பனையும் இல்லை. இங்கிருந்து கொடுக்கப்படுவதைக் கொண்டே அவர்கள் உயிர் வாழ்கிறார்கள். அட்சய பாத்திரமாகிய அமுதசுரபியைப் பெற்ற மணிமேகலை முதலில் செய்தது பசியாற்றியதுதான் என்பதை இதனோடு சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

மனிதப் பிறப்பை இவை எல்லாவற்றுக்கும் நடுவில் அரிதானதாக வைப்பதற்கு ஓர் ஆமையின் உவமை உண்டு. பெருங்கடலில் ஒற்றைத் துளையுள்ள நுகம் ஒன்று மிதக்கிறது. கொண்டல் அடித்தால் மேற்கே போகும், கச்சான் அடித்தால் கிழக்கே, வாடை தெற்கே தள்ளும், சோளகம் வடக்கே. நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டும் மேலே வரும் குருட்டு ஆமை ஒன்று தலை நீட்டும்போது, அந்தத் துளைக்குள் கழுத்து நுழைவது எவ்வளவு அரிதோ, துன்பக் கதியில் விழுந்தவர் மறுபடி மனிதராவது அதைவிட அரிது. நிலாவெளிக்கு அப்பால் புறாமலையைச் சுற்றிய நீரில் ஆமை மேலே வருவதை நான் கண்டிருக்கிறேன். தலை மட்டும் தெரியும், ஒரு மூச்சு, நீங்கள் விரலால் சுட்டிக் காட்டி முடிப்பதற்குள் அந்த இடத்தில் வெறும் அலை. அதன் பிறகு அந்த உவமையை என்னால் வெறும் எண்கணக்காக வாசிக்க முடியவில்லை.

இவையெல்லாம் உண்மையான இடங்களா என்றால், நூல்கள் அவற்றை உண்மையான பிறப்புகளாகவே சொல்கின்றன. வெறும் உருவகம் என்று சொல்பவர் தம் கருத்தைச் சொல்கிறாரே தவிர நூலின் கருத்தை அல்ல. ஆனால் அதே நூல்கள் ஒவ்வொரு உலகத்தையும் ஒரு மனநிலையோடு கட்டிவைத்திருக்கின்றன. முதல் தியானத்தில் நிலைத்த மனம் அதற்குரிய பிரம உலகில் பிறக்கும். வெறுப்பில் ஊறிய மனம் வெறுப்பே சூழ்ந்த இடத்தில் பிறக்கும். பெருங்கடலில் அடியில்லாத பாதாளம் இருக்கிறது என்று மக்கள் பேசுவதைக் குறிப்பிட்டு, உடலில் எழும் கடும் வேதனைக்கே பாதாளம் என்று பெயர் என்றும், அதில் அழுது புலம்பாமல் நிற்பவனே பாதாளத்தில் கால் ஊன்றி நின்றவன் என்றும் புத்தர் ஓரிடத்தில் சொல்கிறார். நம் துறைமுக வாயிலுக்கு வெளியே கடலடியில் ஆழமான பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே போய்வரும் மீனவர்களுக்கும், நோயில் கிடந்த தாயை இரவிரவாகப் பார்த்திருந்த உங்களுக்கும் அந்தப் பேச்சு வேறு வேறு விதமாகப் புரியும். இடமா மனமா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி அந்தச் சமயம் நம்மைக் கேட்கவில்லை என்பதே என் முடிவு.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லாமல் மேலே போக என் மனம் இடந்தராது. 2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலைக்குப் பிறகு இந்தக் கரையில் பிள்ளைகளை இழந்தவர்களிடம், முற்பிறவி வினை என்று சிலர் சொன்னதை என் காதாலேயே கேட்டேன். சைவர்களும் சொன்னார்கள், பௌத்தர்களும் சொன்னார்கள். பௌத்தத்தின் பெயரால் அதைச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. மனிதர் அனுபவிக்கும் எல்லாம் முன்வினையால்தானா என்று சீவகன் என்ற துறவி கேட்டபோது, பித்தம், சிலேத்துமம், வாதம், இம்மூன்றின் கலப்பு, பருவ மாற்றம், கவனக் குறைவு, பிறர் தாக்குதல், வினைப்பயன் என எட்டுக் காரணங்களைச் சொல்லி, எல்லாவற்றையும் கடைசி ஒன்றில் அடக்குவோர் தாம் அறிந்ததையும் உலகம் அறிந்ததையும் மீறிப் பேசுகிறார்கள் என்று புத்தர் மறுத்தார். எண்ணிச் செய்வதையே வினை என்கிறேன் என்பதும் அவர் சொல்லே. கடல் எதையும் எண்ணிச் செய்யவில்லை.

மறுபிறவியிலிருந்து விடுபடுவதையே எல்லாப் பௌத்தரும் உடனடி நோக்கமாகக் கொண்டதில்லை என்பதற்கும் நம் மாவட்டத்திலேயே சான்று உண்டு. குச்சவெளியில் கடலோரப் பாறையில் பழைய சமஸ்கிருதக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அதை வெட்டுவித்தவர், தாம் ஈட்டிய புண்ணியத்தால் இனி எடுக்கும் ஒவ்வொரு பிறவியிலும் உலகின் துன்பத்தைத் தீர்க்க வல்லவராக வேண்டும் என்றும், புத்தநிலை அடைந்து துன்புறும் உயிர்களைப் பிறவிக் கடலிலிருந்து கரையேற்ற வேண்டும் என்றும் வேண்டிக்கொள்கிறார். எல்லா உயிர்களுக்காகவும் புத்தநிலையை நாடும் இது, மகாயானம் என்னும் பௌத்தப் பிரிவின் வழி. பிறவிப் பெருங்கடல் என்று வள்ளுவர் சொன்னதையே, உண்மையான கடல் காலடியில் அடித்துக்கொண்டிருக்கும் பாறையில் நின்று ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். இந்தத் தடயங்களை நிலத்துக்கான வழக்கில் ஆவணங்களாக மட்டும் பார்க்கும் காலத்தில் வாழ்கிறோம் என்பது எனக்கு வருத்தம். அவற்றில் எழுதியிருப்பதை வாசிப்பவர் குறைவு.

இனி உங்கள் அம்மாவைப் பற்றி. சாணுசோணி என்ற பிராமணர் புத்தரிடம் சரியாக உங்கள் கேள்வியையே கேட்டார். நாங்கள் இறந்த உறவினருக்கென்று தானமும் சிராத்தமும் செய்கிறோமே, அது அவர்களைச் சேருமா என்றார். தகுந்த இடத்தில் சேரும், தகாத இடத்தில் சேராது என்பது விடை. நரகத்தில் பிறந்தவருக்கு அங்குள்ள உணவு, விலங்காகப் பிறந்தவருக்கு விலங்கின் உணவு, மனிதராகவோ தேவராகவோ பிறந்தவருக்கு அந்தந்த உணவு. இங்கிருந்து போவது அவர்களை எட்டாது. பேய்ப் பிறப்பில் இருப்பவரை மட்டுமே எட்டும். பிராமணர் விடவில்லை. நாம் நினைத்துக் கொடுத்த அந்த உறவினர் அங்கே இல்லையென்றால் அதை யார் பெறுவார்கள்? அங்கே பிறந்திருக்கும் வேறு உறவினர் பெறுவார்கள் என்றார் புத்தர். உறவினர் ஒருவருமே அங்கே இல்லையென்றால்? இவ்வளவு நீண்ட பிறவித் தொடரில் அந்த இடம் நம் உறவினர் இல்லாமல் வெறுமையாக இருக்க வாய்ப்பே இல்லை, அன்றியும் கொடுத்தவருக்குப் பயன் கிடைக்காமல் போவதுமில்லை என்று முடித்தார்.

ஆகவே, தம்பி, நான் அறிந்த பௌத்தத்தின்படி உங்களுக்குச் சொல்லக் கூடியது இது. உங்கள் அம்மா நல்ல கதியில் பிறந்திருந்தால் உங்கள் பிண்டமும் தர்ப்பணமும் அவருக்குத் தேவையில்லை. அவர் அங்கே பசித்திருக்கவில்லை என்பதே அதன் பொருள். அவர் காத்திருப்பவராக இருந்தால் அது அவரைச் சேரும். இரண்டும் இல்லையென்றால், எந்தப் பிறவியிலோ உங்களுக்குத் தாயாகவோ தமக்கையாகவோ இருந்து, இன்று பெயர் சொல்லி அழைக்க ஒருவரும் இல்லாமல் நிற்கும் யாரோ ஒருவர் அதைப் பெறுகிறார். கந்தளாயில் கிண்ணம் நிரம்பி வழிந்தபோது பிக்குமார் ஓதியதன் பொருளும் இதுதான்: மேட்டில் பெய்த மழை பள்ளத்துக்கு ஓடி வருவதுபோல, நிறைந்த ஆறுகள் கடலை நிரப்புவதுபோல, இங்கே கொடுப்பது போனவர்களைப் போய்ச் சேர்க. கிண்ணத்தோடு நிறுத்தாமல் வழியவிட்டது, அது ஒருவருக்கு மட்டும் உரியதல்ல என்பதால். வரும் சித்திரா பௌர்ணமியன்று அம்மாவுக்காக விரதமிருக்கும்போது, அவருடைய பெயரைச் சொன்ன பின், பெயர் தெரியாதவர்களுக்கும் என்று ஒரு கை எள்ளும் நீரும் கூடுதலாக விடலாம். நம் முறையிலும் அதற்குத் தடை இல்லை.